முதலில் வந்த படகுக்கு கோப்பை இல்லையா? ஸ்பின்னக்கர் பாயும் ஹேண்டிகேப் கணக்கும்: முழு விளக்கம்

2023 டிசம்பர். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்து டாஸ்மேனியா தீவின் ஹோபார்ட் வரை 628 கடல் மைல் பாய்மரப் படகுப் போட்டி. இரண்டு நாளுக்கும் குறைவான நேரத்தில் எல்லையைத் தொட்டது 'லா கனெக்ட்' என்ற படகு. அடுத்து வந்த 'ஆண்டூ கோமான்சே'யை அது முந்தியது வெறும் 51 விநாடியில்!

ஆனால் போட்டியின் ஒட்டுமொத்த வெற்றிக்கான டாட்டர்சால் கோப்பை இந்த இரண்டு படகுக்கும் கிடைக்கவில்லை. இவற்றுக்குப் பின்னால் வந்து சேர்ந்த 'அலைவ்' படகு அதைத் தட்டிச் சென்றது.

இது எந்த ஊர் நியாயம்னு கேட்கத் தோணுதா? முதலில் வந்ததற்கு தனிப் பெருமை உண்டு. ஆனால் பெரிய கோப்பையை முடிவு செய்வது கடிகாரம் மட்டும் இல்லை, கூடவே ஒரு நம்பரும் இருக்கிறது. அந்த நம்பர் பெயர்தான் ஹேண்டிகேப். ஒவ்வொரு படகின் அந்த நம்பரையும் ஏற்றி இறக்கும் விஷயங்களில் முக்கியமானது, ஸ்பின்னக்கர் என்ற பெரிய பாய்.

பெரிய பாய் கட்டினால் வேகம் கூடும். ஆனால் நம்பரும் கூடும். அப்போ எவ்வளவு பெரிய பாய் கட்டுவது லாபம்? நம்ம ஊர் உதாரணங்களோடு பார்க்கலாம்.

*ஸ்பின்னக்கர் என்றால் என்ன?*

பாய்மரப் படகுப் போட்டிப் படங்களில், படகின் முன்னால் பலூன் மாதிரி உப்பி நிற்கும் கலர் கலரான பாயைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஸ்பின்னக்கர். மெல்லிய நைலான் துணியில் தைக்கப்படுவது.

இதை எல்லா நேரமும் ஏற்ற முடியாது. காற்று பின்னால் இருந்தோ, பக்கவாட்டில் சற்று பின்னால் இருந்தோ அடிக்கும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். காற்றை எதிர்த்துப் போகும்போது இதை இறக்கி சுருட்டி வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வேலை பார்ப்பவை வழக்கமான பெரிய பாயும், முன்பாயும்தான்.

அதாவது போட்டியின் ஒரு பகுதியில் மட்டும் பயன்படும் பாய் இது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு எல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது.

*ஹேண்டிகேப் எதற்கு?*

பாக் நீரிணைக் கரையில் தொண்டி, நம்புதாளை பக்கம் மீனவ கிராமங்களில் இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. திருவிழா நேரத்தில் கரை முழுக்க கூட்டம் நிற்கும். அங்கே விதி எளிமையானது: யார் முதலில் எல்லையைத் தொடுகிறாரோ, அவருக்கே பரிசு. படகுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை.

ஆனால் 60 அடி படகும் 30 அடி படகும் ஒரே போட்டியில் இறங்கினால்? நீளமான படகு வேகமாகத்தான் போகும். அது இயற்பியல். அங்கே முதலில் வருபவர் திறமைசாலியா, பணக்காரரா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு படகுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, வந்து சேர்ந்த நேரத்தை அந்த நம்பரால் திருத்துகிறார்கள். திருத்திய நேரத்தில் யார் குறைவோ அவரே வெற்றியாளர்.

எளிமையான உதாரணம், பிரிட்டனில் பரவலாகப் பயன்படும் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறை. இதில் வேகமான படகுக்கு சின்ன நம்பர், மெதுவான படகுக்கு பெரிய நம்பர். 49இஆர் என்ற அதிவேகப் படகுக்கு சுமார் 700. ஒருவர் ஓட்டும் ஐஎல்சிஏ 7 படகுக்கு சுமார் 1100.

இரண்டும் ஒரே போட்டியில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம்.

- 49இஆர் 42 நிமிடத்தில் முடிக்கிறது. அதாவது 2520 விநாடி. அதை 1000 ஆல் பெருக்கி 700 ஆல் வகுத்தால் 3600.
- ஐஎல்சிஏ 7 வந்து சேர 65 நிமிடம் ஆகிறது. அதாவது 3900 விநாடி. 1000 ஆல் பெருக்கி 1100 ஆல் வகுத்தால் சுமார் 3545.

23 நிமிடம் லேட்டாக வந்த படகு, கணக்குப்படி 55 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது!

அமெரிக்காவில் பிரபலமான பிஎச்ஆர்எஃப் முறை இதையே வேறு விதமாகச் செய்கிறது. அங்கே நம்பர் என்பது ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி சலுகை. 90 நம்பர் படகும் 120 நம்பர் படகும் 10 மைல் போட்டியில் இறங்கினால், 30 விநாடி பெருக்கல் 10. மெதுவான படகுக்கு 300 விநாடி, அதாவது 5 நிமிடம் சலுகை. உள்ளூர் கமிட்டி, படகுகள் முன்பு எப்படி ஓடின என்பதைப் பார்த்து இந்த நம்பரை முடிவு செய்யும். வழக்கமான அளவைவிட பெரிய ஸ்பின்னக்கர் வைத்திருந்தால் சலுகையில் சில விநாடிகளை வெட்டிவிடுவார்கள்.

பெரிய கடல் போட்டிகளில் ஐஆர்சி, ஓஆர்சி என்ற முறைகள் இருக்கின்றன. ஐஆர்சியில் படகை அளந்து, ஒரு பெருக்கல் எண் கொடுப்பார்கள். எடுத்த நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் உங்களுக்கு நஷ்டம். அந்த எண்ணைக் கணக்கிடும் முழு ஃபார்முலாவை ஐஆர்சி வெளியிடுவதில்லை. வெளியே தெரிந்தால் அதில் ஓட்டை தேடியே படகு கட்டுவார்கள் என்பதுதான் காரணம்.

*கும்மிடிப்பூண்டி கம்பெனி கரண்ட் பில்லும் ஸ்பின்னக்கரும்*

கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். உயர் அழுத்த மின் இணைப்பு வாங்கிய ஒரு தொழிற்சாலை, ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. "எனக்கு அதிகபட்சம் இவ்வளவு கேவிஏ வேண்டும்" என்று ஒப்பந்தம் போட்டதற்கும் சேர்த்து டிமாண்ட் சார்ஜ் கட்டுகிறது. மெஷின் பாதி நாள் நின்றிருந்தாலும் அந்தத் தொகை பெரிதாகக் குறையாது.

அதனால் விவரமான மேனேஜர் என்ன செய்வார்? தேவைக்கு மேல் டிமாண்ட் வாங்கி வைக்க மாட்டார். அதே நேரம், உற்பத்தி தடைபடும் அளவுக்குக் குறைத்தும் வாங்க மாட்டார்.

ஸ்பின்னக்கரும் அப்படித்தான். ஐஆர்சி முறையில், படகில் இருக்கும் ஸ்பின்னக்கர்களில் எது பெரியதோ, அதன் பரப்புதான் சான்றிதழில் ஏறும். நீங்கள் அதை 10 நிமிடம் ஏற்றினாலும் சரி, அன்று பைக்குள்ளேயே வைத்திருந்தாலும் சரி, முழுப் போட்டி நேரமும் அந்த எண்ணால்தான் பெருக்கப்படும்.

பயன்படுத்துவது பாதி நேரம். கட்டணம் முழு நேரத்துக்கும். இதுதான் ஸ்பின்னக்கர் கணக்கின் அடிப்படை.

*பாயை எப்படி அளக்கிறார்கள்?*

உப்பி நிற்கும் பாயின் பரப்பை எப்படி அளப்பது என்று சந்தேகம் வரலாம். நான்கு அளவு போதும்: இரண்டு பக்க ஓரங்களின் நீளம், அடி ஓரத்தின் நீளம், பாதி உயரத்தில் உள்ள அகலம்.

1. இரண்டு பக்க ஓரங்களையும் கூட்டி பாதியாக்க வேண்டும்.
2. நடு அகலத்தை 4 ஆல் பெருக்கி, அடி ஓர நீளத்தைக் கூட்டி, 5 ஆல் வகுக்க வேண்டும்.
3. இந்த இரண்டு விடைகளையும் பெருக்கி, மறுபடி 0.83 ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு பக்கம் 12 மீட்டர், மறுபக்கம் 10 மீட்டர் என்றால் சராசரி 11. அடி ஓரம் 6 மீட்டர், நடு அகலமும் 6 மீட்டர் என்றால் இரண்டாவது விடை 6. 11 பெருக்கல் 6 பெருக்கல் 0.83, சுமார் 54.8 சதுர மீட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது நடு அகலம். அதற்கு 4 மடங்கு எடை கொடுத்திருக்கிறார்கள். பாயின் தோள்பட்டையை அகலமாக்கினால் நம்பர் வேகமாக ஏறும். அடி ஓரத்தை நீட்டினால் அவ்வளவு ஏறாது. பாய் தைப்பவர்கள் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் யோசித்து வெட்டுவது இதனால்தான்.

*பெரிய பாய்: எப்போது லாபம்? எப்போது நஷ்டம்?*

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. இதில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

ஒரு படகுக்கு 80 சதுர மீட்டர் ஸ்பின்னக்கர் இருந்தால் பெருக்கல் எண் 0.950. அதையே 70 சதுர மீட்டராகக் குறைத்தால் 0.945. சின்னப் பாயோடு போட்டியை முடிக்க 2 மணி நேரம், அதாவது 7200 விநாடி ஆகிறது. திருத்திய நேரம் 6804 விநாடி.

பெரிய பாய் கட்டினால் இதைச் சமன் செய்யவே சுமார் 38 விநாடி முன்னதாக வந்தாக வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு முந்துகிறோமோ, அதுதான் லாபம்.

2 மணி நேரத்தில் 1 மணி நேரம் காற்று பின்னால் இருந்து அடிக்கிறது என்று வைப்போம்.

- *காற்று குறைவாக உள்ள நாள்:* பெரிய பாய் 3 சதவீதம் வேகம் கூட்டுகிறது. 1 மணி நேரத்தில் சுமார் 105 விநாடி மிச்சம். 38 போக 67 விநாடி லாபம்.
- *காற்று பலமாக உள்ள நாள்:* வேகம் அரை சதவீதம்தான் கூடுகிறது. மிச்சம் 18 விநாடி. ஆனால் தேவை 38. ஆக 20 விநாடி நஷ்டம்.

ஒரே படகு, ஒரே பாய். காற்று மாறினால் முடிவும் மாறுகிறது.

*பலமான காற்றில் பெரிய பாய் ஏன் பெரிதாக உதவாது?*

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். அப்போ படகும் பறக்கணுமே? பறக்காது.

கனமான படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது தானே ஒரு அலையை உண்டாக்குகிறது. ஒரு வேகத்துக்கு மேல் அந்த அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. தோராயமான கணக்கு இது: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேக எல்லை நாட்டில் கிடைக்கும். 25 அடி என்றால் 5 பெருக்கல் 1.34, அதாவது 6.7 நாட். மணிக்கு சுமார் 12.4 கிலோமீட்டர்.

காற்று குறைவாக இருக்கும்போது படகு இந்த எல்லைக்குக் கீழே இருக்கும். கூடுதல் துணி கூடுதல் வேகமாக மாறும். பலமான காற்றில் சின்னப் பாயே படகை எல்லைக்குக் கொண்டுபோய்விடும். அதற்கு மேல் கட்டும் துணி வேகத்தைக் கொடுப்பதைவிட ஆபத்தைத்தான் கொடுக்கும். சுக்கான் பிடிக்குள் நிற்காது. படகு பக்கவாட்டில் சாய்ந்து, பாய் தண்ணீரில் அடித்து, போட்டியே கைவிட்டுப் போகும்.

49இஆர் மாதிரி லேசான படகுகள் அலையில் மாட்டாமல் தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். அவற்றுக்கு இந்த எல்லை பொருந்தாது.

ஆக, பாய் தைக்கக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தக் கடலில், எந்த மாதத்தில் ஓட்டப் போகிறோம்?" என்பதுதான். சென்னை முதல் எண்ணூர், பழவேற்காடு வரையிலான கடற்கரையில் கோடையில் காலை ஒரு காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று. வருஷம் முழுக்க ஒரே பாய் பொருந்தாது என்பது நம் மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*நம்ம வீரர்கள் இந்தக் கணக்கில் வருவார்களா?*

தமிழ்நாட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னை துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது 1911-ல். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்கு இந்தியாவில் இருந்து 4 பேர் போனார்கள். நேத்ரா குமணன், கே.சி.கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னை. விஷ்ணு சரவணன் வேலூர். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ராதான்.

ஆனால் இவர்கள் யாருக்கும் ஹேண்டிகேப் கணக்கு கிடையாது. காரணம், ஒலிம்பிக்கில் ஒரு பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி படகு, ஒரே அளவு பாய். நேத்ராவும் விஷ்ணுவும் ஓட்டிய படகில் ஸ்பின்னக்கரே இல்லை. கணபதியும் வருணும் ஓட்டிய 49இஆரில் உண்டு, சுமார் 38 சதுர மீட்டர். 5 மீட்டர் நீளம்கூட இல்லாத படகுக்கு இது ராட்சச அளவு.

இங்கேயும் பாய் அளவு பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பெண்களுக்கான 49இஆர் எஃப்எக்ஸ் பிரிவில் படகின் உடல் அதேதான். ஆனால் ஸ்பின்னக்கர் சுமார் 25 சதுர மீட்டர்தான். எடை குறைந்த இருவர் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பாயைக் குறைத்திருக்கிறார்கள். 2018 ஆசிய விளையாட்டில் சென்னையின் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி வென்றது இந்தப் பிரிவில்தான். அதே போட்டியில் 49இஆரில் கணபதி - வருண் ஜோடி வெண்கலம் வென்றது.

ஒரே மாதிரி படகு என்பது நியாயத்துக்கு ஒரு வழி. ஆனால் அதற்கு செலவு அதிகம். எல்லோரும் அதே படகை வாங்கியாக வேண்டும். ஹேண்டிகேப் இரண்டாவது வழி. கையில் இருக்கும் பழைய படகோடு வந்து, புதுப் படகை ஜெயிக்கும் வாய்ப்பை அது கொடுக்கிறது.

*நம்பருக்காகவே படகு கட்டினால் என்ன ஆகும்?*

இந்த முறையின் ஆபத்தும் இங்கேதான். 1970-களில் ஐஓஆர் என்ற அளவீட்டு விதி உலகம் முழுக்க ஆட்சி செய்தது. நல்ல நம்பர் வாங்குவதற்காக, அளவெடுக்கும் இடங்களில் மட்டும் படகின் உடலைப் புடைக்க வைத்தார்கள். நிலைத்தன்மை குறைந்த படகுக்கு அந்த விதி சலுகை கொடுத்ததால், சாயக்கூடிய படகுகளே லாபம் என்றானது.

1979 ஆகஸ்டில் பிரிட்டன் - அயர்லாந்து கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் கிளம்பின. நடுக்கடலில் கடும் புயல். போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தனர். முதல் காரணம் புயல்தான். ஆனால் "நாம் கட்டும் படகுகள் கடலுக்காகவா, நம்பருக்காகவா?" என்ற கேள்வி அதன் பிறகு சத்தமாக எழுந்தது. படகுகளின் நிலைத்தன்மைக்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்கும் விதிகள் இறுகின.

ஸ்பின்னக்கரிலும் அதே பாடம்தான். நம்பர் அனுமதிக்கிறது என்பதற்காக, ஆட்களால் இறக்க முடியாத அளவுப் பாயை ஏற்றக் கூடாது.

*பழவேற்காட்டில் இருக்கும் ஹேண்டிகேப்*

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த யோசனை புதுசு இல்லை. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு மீனோ இறாலோ கிடைக்காது. நல்ல இடத்தில் வலை கட்டுபவருக்கு ஒரே நாளில் கை நிறையும். அடுத்தவர் வெறும் வலையோடு திரும்புவார். அதனால் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டும், முறை வைத்தும் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று சுமாரான இடம் வந்தவருக்கு, அடுத்த முறை நல்ல இடம் வரும்.

படகுப் போட்டி நேரத்தைத் திருத்துகிறது. பாடு இடத்தைச் சுற்றி விடுகிறது. நோக்கம் ஒன்றுதான்: அதிர்ஷ்டத்தையும் வசதியையும் கழித்துவிட்டு, உழைப்பும் திறமையும் மட்டும் மிஞ்ச வேண்டும்.

ஆனால் பாடு முறைக்குள் இடம் இல்லாத மீனவர்களுக்கு அந்த ஏரியில் நீண்ட காலமாக மனக்குறையும் இருக்கிறது. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, அதை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி தனியாக நிற்கும். படகு ஹேண்டிகேப்பிலும் அதுதான். நம்பர் கொடுக்கும் கமிட்டி மேல் நம்பிக்கை போனால், போட்டியே போச்சு.

*சுருக்கமாக…*

- ஹேண்டிகேப் போட்டியில் ஜெயிப்பது மிக வேகமான படகு இல்லை. தன் நம்பரைவிட நன்றாக ஓடிய படகு.
- ஸ்பின்னக்கர் பாதி நேரம்தான் பயன்படும். அதற்கான கட்டணம் முழுப் போட்டிக்கும் விழும்.
- காற்று குறைவான கடலில் பெரிய பாய் லாபம். காற்று பலமான கடலில் சின்னப் பாயும் சின்ன நம்பரும் லாபம்.
- ஆட்களின் எண்ணிக்கை, எடை, பழக்கம் இவற்றைத் தாண்டி பாய் பெரிதாகக் கூடாது.

தொண்டி பக்கமோ, நாளை பழவேற்காட்டிலோ, வேறு வேறு நீளப் படகுகளை ஒரே போட்டியில் இறக்க நினைக்கும் விழாக் குழுவுக்கும் இது உதவும். கம்ப்யூட்டர் வேண்டாம். அளவு டேப், ஒரு கடிகாரம், கடந்த சில போட்டிகளின் நேரக் குறிப்பு இவை போதும். நம்பரை போட்டிக்கு முந்தின நாளே எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிவிட வேண்டும். கரையில் முடிய வேண்டிய சண்டை கரையிலேயே முடியும். கடலில் போட்டி மட்டும் நடக்கும்.